இருபது படங்களை வைத்து ஒரு படச்சேவையைச் சோதிப்பது எப்படி?

ஞாயிறு விடிகாலையில் வடசென்னையின் காசிமேட்டு மீன் ஏலத்தைப் படமெடுக்கப் போகிறவர் முந்நூறு படங்களோடு திரும்புவது சாதாரணம். ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1.2 ஜிபி. எட்டு ஞாயிறு போனால் பத்து ஜிபியை நெருங்கிவிடும். போன் இடமில்லை என்று அடம்பிடிக்கும்போதுதான் 'எதுல போட்டு வைக்கலாம்?' என்ற கேள்வி வருகிறது. கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் எத்தனை ஜிபி இலவசம் என்பதோடு நின்றுவிடும்.

வண்ணாரப்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர் மாத வாடகையை மட்டும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதில்லை. காலி செய்யும்போது அந்தப் பணம் முழுசாகக் கைக்கு வருமா, பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று பக்கத்து வீட்டிலும் விசாரிப்பார். இணையத்தில் படங்களை வைத்துக்கொள்ள இடம் தரும் படச்சேவைக்கும் அந்த விசாரணை வேண்டும். அதைச் செய்ய இருபது படங்களும் ஒரு சாயங்காலமும் போதும். சில பதில்கள் வர மட்டும் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

கட்டுப்பாடு என்றால் எதன் மேல்?

'உங்கள் படம் உங்கள் கட்டுப்பாட்டில்' என்று சொல்லும் சேவைகள் பொதுவாகக் காட்டுவது ஒரே ஒரு பொத்தானை: எல்லாருக்கும் தெரியவேண்டுமா, உங்களுக்கு மட்டுமா. அது நாலில் ஒரு பங்குதான். மற்ற மூன்றையும் நாமாகத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

முதல் பங்கு, கோப்பு. நீங்கள் ஏற்றிய அதே கோப்பு ஒரு பைட் மாறாமல் திரும்பக் கிடைக்கிறதா, இல்லை சுருக்கப்பட்ட நகல்தான் கிடைக்கிறதா. இரண்டாவது, கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் தகவல்: எடுத்த நேரம், இடம், கேமரா, நீங்கள் எழுதிய குறிப்பு. இதில் கேமரா தானாக எழுதுவதை எக்ஸிஃப் என்பார்கள். மூன்றாவது, பார்வை: யார் பார்க்கிறார்கள், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்றால் உண்மையிலேயே நின்றுபோகிறதா. நாலாவது, வெளியேற்றம்: எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு போக முடியுமா, போன பிறகு அங்கே என்ன மிஞ்சும்.

நாலாவதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பழைய வரலாறு. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுளின் பிக்காசா வலை ஆல்பங்கள் 2016இல் முடிவுக்கு வந்தன. ஃப்ளிக்கர் 2013இல் எல்லாருக்கும் ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018இல் ஸ்மக்மக் அதை வாங்கிய சில மாதங்களில் இலவசக் கணக்குக்கு 1000 படம்தான் என்று அறிவிப்பு வந்தது, அதற்கு மேல் இருந்தவற்றை 2019இல் அழிக்கத் தொடங்கினார்கள். போட்டோபக்கெட்டில் படத்தை வைத்து மற்ற தளங்களில் காட்டிக்கொண்டிருந்தவர்களிடம் 2017இல் திடீரென்று ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்கப்பட்டது. கூகுள் போட்டோஸ் 2015இல் அளவில்லா இலவசம் என்று ஆரம்பித்து, 2021 ஜூன் 1 முதல் புதுப் படங்களையெல்லாம் 15 ஜிபி கணக்குக்குள் கொண்டுவந்தது. அந்த 15 ஜிபியும் ஜிமெயிலோடும் டிரைவோடும் பங்குபோட்டது. யாரும் திருடவில்லை, ஏமாற்றவில்லை; விதியை மாற்றினார்கள், அவ்வளவுதான். மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

ஒரே பெயரில் ஐந்து வகை

படச்சேவை என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வேலை வேறு வேறு. கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்றவை பெட்டகம்: எல்லாவற்றையும் சேர்த்து வைக்க. இன்ஸ்டாகிராம் காட்சிமேடை. ஃப்ளிக்கர் இரண்டுக்கும் நடுவே, படத்தை நேசிப்பவர்களுக்கான ஆல்பம். பிக்செல்ஃபெட் என்பது பல தனித்தனி சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்ளும் அமைப்பு. ஒரு சர்வரில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். ஐந்தாவது, இம்மிச் போன்ற மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவி நாமே நடத்துவது.

காட்சிமேடையைப் பெட்டகமாகப் பயன்படுத்துவதுதான் வழக்கமான விபத்து. 4000க்கு 3000 பிக்சல், அதாவது 12 மெகாபிக்சல் படத்தை இன்ஸ்டாகிராமில் அகலவாக்கில் போட்டு 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கினால் 1080க்கு 810 ஆகும். ஒரு மெகாபிக்சலுக்கும் குறைவு. லேபில் 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1200க்கு 1800 பிக்சல் வேண்டும், அதற்கே போதாது. மூலக் கோப்பு கையில் இருந்தால் கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 அங்குலப் பக்கமே ஓரளவு நன்றாக வரும். 'இன்ஸ்டாவுல இருக்கே' என்று போனில் இருந்து அழித்துவிட்டு லேபுக்குப் போனால் அங்கே தெரியும் வித்தியாசம்.

இருபது படங்கள்

சோதனைக்கு எடுத்தவுடன் கிடைத்த நல்ல படங்களை ஏற்றக் கூடாது. நல்ல படம் எல்லாச் சேவையிலும் நன்றாகத்தான் தெரியும். உடையக்கூடிய படங்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இருப்பிடப் பதிவை இயக்கிவைத்து எடுத்த சாதாரணப் போன் படங்கள் ஐந்து. அதில் இரண்டு நெடுக்குவாட்டில். விடிவதற்கு முந்தைய இருட்டில் படகு விளக்குகளை எடுத்தது போல இரவுப் படங்கள் இரண்டு. சுருக்கும்போது முதலில் சிதைவது கரும்பரப்புதான், வானம் பட்டை பட்டையாக உடையும். 16 மெகாபிக்சலைத் தாண்டும் பெரிய படம் ஒன்று, ஐபோனின் ஹெயிக் வடிவப் படம் ஒன்று. ஸ்கேன் செய்த பழைய குடும்பப் படங்கள் இரண்டு, வாட்ஸப்பில் வந்தவை இரண்டு; இந்த நாலிலும் எடுத்த நேரம் உள்ளே இருக்காது, அதனால்தான் தேவை. ஒரே படத்தின் இரண்டு நகல்கள், கோப்புப் பெயரை மட்டும் மாற்றி. டிஜிகாம் போன்ற இலவச மென்பொருளில் தமிழ்க் குறிப்பை உள்ளேயே எழுதிய படங்கள் இரண்டு. போனிலேயே வெட்டித் திருத்தியது ஒன்று, கேமராவின் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் தருவது) ஒன்று, பத்து விநாடி வீடியோ ஒன்று. ஆக இருபது. ரா கேமரா இல்லாதவர்கள் அந்த இடத்தில் இன்னொரு வீடியோ வைக்கலாம்.

இந்த இருபதையும் ஒரு கோப்புறையில் போட்டு, அதன் நகல் ஒன்றைத் தொடாமல் எடுத்துவையுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் கைரேகை எடுக்க வேண்டும். விண்டோஸில் 7-ஸிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்ய, ஷா-256 என்ற தெரிவு இருக்கும். அது தரும் நீளமான எண்ணெழுத்து வரிசை, கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முழுவதுமாக மாறிவிடும். இருபதையும் ஒரு தாளில் எழுதத் தேவையில்லை; திரையைப் படம் பிடித்து வைத்தால் போதும்.

ஏற்று, இறக்கு, ஒப்பிடு

புதுக் கணக்கில் இருபதையும் ஏற்றுங்கள். ஏற்றும் முன் செட்டிங்ஸில் தரம் என்ன என்று பாருங்கள். கூகுள் போட்டோஸில் 'மூலத் தரம்', 'சேமிப்பு மிச்சம்' என இரண்டு வகை உண்டு. இரண்டாவதில் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் 16க்கு இறங்கும், வீடியோ 1080பி தெளிவுக்கு இறங்கும். பின்னாளில் எடுத்தாலும் இந்தச் சுருங்கிய வடிவம்தான் கிடைக்கும்.

ஏற்றி முடிந்ததும் வேறொரு கணினியிலோ உலாவியிலோ நுழைந்து ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிக் கைரேகையை ஒப்பிடுங்கள். விளைவு நாலு விதமாக இருக்கலாம். கைரேகை அப்படியே பொருந்தினால் சேவை உங்கள் கோப்பைத் தொடவில்லை. பிக்சல் அளவும் படமும் அதே, ஆனால் கைரேகை வேறு என்றால் பெரும்பாலும் உள்ளே இருந்த தகவல் மாற்றப்பட்டிருக்கிறது. பிக்சல் அளவு அதே, எம்பி பாதியாகக் குறைந்திருக்கிறது என்றால் மறுசுருக்கம் நடந்திருக்கிறது. இரவுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பிக்சல் அளவே குறைந்திருந்தால் அது பெட்டகம் இல்லை.

ஒரே சேவைக்குள்ளேயே வழிக்கு வழி விடை மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஐகிளவுட் உங்கள் சொந்த நூலகத்தில் மூலக் கோப்பை வைத்திருக்கும். அதே படத்தைப் பகிர்ந்த ஆல்பத்தில் போட்டால் நீளப் பக்கம் 2048 பிக்சலுக்கு இறங்கிவிடும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், எக்ஸிஃப் உதிரும். அதையே ஆவணமாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், இருப்பிடமும் கூடவே போகும். லேபுக்கு அனுப்ப ஆவணம் நல்லது. முன்பின் தெரியாதவருக்கு அனுப்ப அது நல்லதல்ல.

நேரமும் இடமும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது எடுத்த மாதிரிப் படங்களுக்கு எங்கே, எப்போது என்பதுதான் உயிர். அந்த இரண்டும் உதிர்ந்துபோனால் கறுப்புத் தண்ணீரின் படம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஆனால் வியாசர்பாடித் திடலில் பந்து விளையாடும் பிள்ளைகளின் படத்திலோ, வீட்டு விசேஷப் படத்திலோ அதே இருப்பிட எண்கள் ஆபத்து. வீட்டு வாசல் வரை வழிகாட்டும். ஒரே கணக்கில் இரண்டு வகைப் படமும் இருக்கும்போது, இருப்பிடத்தை ஒட்டுமொத்தமாக அணைப்பதோ திறப்பதோ உதவாது. படத்துக்குப் படம், அல்லது ஆல்பத்துக்கு ஆல்பம் தீர்மானிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஃப்ளிக்கரில் வரைபடத்தில் வட்டம் போட்டு, அதற்குள் எடுத்த படங்களின் இடத்தை யார் பார்க்கலாம் என்று வரையறுக்கலாம். கூகுள் போட்டோஸில் பகிரும் ஆல்பத்தின் தெரிவுகளுக்குள் இருப்பிடத்தை மறைக்கும் பொத்தான் இருக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

பார்ப்பவருக்குத் தெரியாதது வேறு, கோப்பில் இல்லாதது வேறு. சேவையின் பக்கத்தில் இடம் காட்டாவிட்டாலும், பதிவிறக்கிய கோப்புக்குள் அது அப்படியே இருக்கலாம். எனவே நண்பர் ஒருவரை இறக்கச் சொல்லி, அந்தக் கோப்பின் விவரங்களை எக்ஸிஃப்டூல் போன்ற, உள்தகவலைக் காட்டும் மென்பொருள் ஒன்றில் திறந்து பாருங்கள். மூலப் படத்தை மாற்றாமல், பகிர்வதற்கென ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் இருப்பிடத்தை நீக்குவது பாதுகாப்பான பழக்கம்.

இனி ஸ்கேன் படங்கள். அவற்றுக்குச் சேவைக்குள் போய் 1984 என்று தேதி கொடுங்கள், 'ராயபுரம் ரயில் நிலையம் முன்பு' என்று குறிப்பு எழுதுங்கள். பிறகு தனியாகப் பதிவிறக்குங்கள். எழுதியது கோப்புக்குள் வந்திருக்கிறதா? பெரும்பாலும் வந்திருக்காது. அது சேவையின் தரவுத்தளத்தில் தங்கிவிட்டது. நூற்றுக்கணக்கான பழைய படங்களுக்குப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பெயரும் ஊரும் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சோதனையையாவது வேலை தொடங்கும் முன் செய்துவிட வேண்டும். நம் உழைப்பில் அதிகம் போவது அந்தக் குறிப்புகளில்தான். முதலில் டிஜிகாமில் கோப்புக்குள்ளேயே எழுதிவிட்டு, அப்புறம் ஏற்றுவது நல்லது.

தமிழ் தாங்குகிறதா?

ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகளில் இந்தச் சோதனை இருக்காது. நமக்கு இது அவசியம்.

குறிப்பில் 'கொருக்குப்பேட்டை' என்று எழுதி, சேவையின் தேடலில் அதே சொல்லைத் தட்டுங்கள். 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு விதமாகப் பதியலாம்: ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே மாதிரி. கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் சமன்படுத்தித் தேடும் சேவையில் படம் வரும், மற்றதில் வராது. பழைய மேக்கில் இருந்து வந்த கோப்புகளில் இந்தச் சிக்கல் கூடுதல். கொளத்தூர், கொடுங்கையூர் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்களில் கொம்புக்காலுக்குப் பஞ்சமே இல்லை.

கோப்புப் பெயரைத் தமிழில் வைப்பவர்களுக்கு இன்னொன்று. ஒருங்குறியைப் பைட்டுகளாகப் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். 'மீ' என்பதற்கு ஆறு. லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு. 85 குறிகளில் தீர்ந்துவிடும். நீளமான வாக்கியத்தைப் பெயராக வைத்தால் வீட்டு சர்வரில் நகலெடுக்கும்போது நின்றுவிடும். பெயரைச் சுருக்கமாக வைத்து, விவரத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

இன்ஸ்டாகிராமின் தரவை இறக்கும்போது ஹெச்டிஎம்எல் (உலாவியில் திறந்து நாம் படிக்க), ஜேசான் (மென்பொருள் படிக்க) என்று இரண்டு வடிவம் கேட்கும். ஜேசானில் தமிழ் வரிகள் ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று, ஆறு என்று கிறுக்கல் குறிகளாக வந்து நிற்கும். எழுத்து அழிந்துவிடவில்லை. யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1 என்ற பழைய ஐரோப்பிய முறையின் எழுத்துகளாக எண்ணி எழுதியிருக்கிறார்கள். திருப்பி மாற்றத் தெரிந்தால் மீட்டுவிடலாம். தெரியாதவர்கள் ஹெச்டிஎம்எல் வடிவத்தைக் கேட்டு வாங்குவது நல்லது, அதில் தமிழ் தமிழாகவே தெரியும்.

கொடுத்த லிங்கைத் திரும்பப் பெறுதல்

இரண்டு பேர் உதவி வேண்டும்: அந்தச் சேவையில் கணக்கு உள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர். ஐந்து படங்களை ஆல்பமாக்கி முதலாமவருக்குப் பெயர் சொல்லிப் பகிருங்கள். அவர் அந்த லிங்கை இரண்டாமவருக்கு அனுப்பட்டும். இரண்டாமவருக்கும் திறந்தால், நீங்கள் ஆளுக்குக் கொடுக்கவில்லை, லிங்குக்குக் கொடுத்திருக்கிறீர்கள். லிங்க் யார் கையில் இருக்கிறதோ அவர் பார்ப்பார். தெருக் கால்பந்துக் குழுவின் வாட்ஸப் கூட்டத்தில் போட்ட லிங்க் எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, ஆல்பத்தில் ஒரு படத்தின் மேல் வலது கிளிக் செய்து படத்தின் நேரடி முகவரியை நகலெடுத்து வையுங்கள். பகிர்வை நிறுத்துங்கள். ஆல்பம் லிங்க் மூடிக்கொள்ளும். இப்போது அந்த நேரடி முகவரியை, எந்தக் கணக்கிலும் நுழையாத தனிப்பட்ட சாளரத்தில் ஒட்டிப் பாருங்கள். பல இடங்களில் படம் இன்னும் திறக்கும். காரணம், படங்களை வேகமாகக் காட்டுவதற்காக உலகின் பல மூலைகளில் உள்ள சர்வர்களில் நகல் வைத்திருப்பார்கள். அங்கே பூட்டு இருக்காது, யாரும் ஊகிக்க முடியாத நீண்ட முகவரிதான் பாதுகாப்பு. மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் இதையே திரும்பச் சோதியுங்கள்.

அழிப்பதிலும் படிகள் உண்டு. அழித்த படம் முதலில் குப்பைத்தொட்டிக்குப் போகும்: ஐகிளவுடிலும் இன்ஸ்டாகிராமிலும் பொதுவாக 30 நாள், கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படத்துக்கு 60 நாள். தெரியாமல் அழித்தவருக்கு இது வரம். ஆனால் இதற்கு நேர்மாறான விபத்துதான் அதிகம் நடக்கிறது: போனில் இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளேயே போய்ப் படத்தை அழிப்பது. அங்கே அழித்தால் போனிலும் போகும், சர்வரிலும் போகும். போனில் மட்டும் காலி செய்ய வேண்டுமானால் அதற்கென்றே 'இடத்தைக் காலிசெய்' என்ற தனி வழி இருக்கிறது.

பிக்செல்ஃபெட்டில் வேறு கதை. உங்கள் சர்வரில் அழித்ததும் 'இதை அழித்துவிடுங்கள்' என்ற செய்தி மற்ற சர்வர்களுக்குப் போகும். நல்ல சர்வர்கள் கேட்கும். கேட்காத சர்வரைக் கட்டாயப்படுத்த வழி இல்லை. தனி முதலாளி இல்லாத அமைப்பின் விலை அது.

மொத்தமாக வெளியேறுவது

நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் 2011இல் இருந்து இருக்கிறது. போட்டோஸை மட்டும் தெரிவு செய்து, ஸிப் வடிவம், ஒரு பகுதிக்கு 1 ஜிபி முதல் 50 ஜிபி வரை என்று கேட்டால், தயாரானதும் மின்னஞ்சல் வரும். அந்த லிங்க் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குத்தான். 50 ஜிபி என்று ஒரே பொதியாகக் கேட்பது வசதி போலத் தெரியும். நடுவில் மின்சாரமோ இணைப்போ போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வீட்டு இணைப்புக்கு 4 அல்லது 10 ஜிபி துண்டுகள் நல்லது.

ஸிப்பை விரித்ததும் குழப்பம் தொடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பு இருக்கும். நீங்கள் சேவைக்குள் திருத்திய தேதி, குறிப்பு, இடம் எல்லாம் படத்துக்குள் இல்லை, அதில்தான். குப்பை என்று ஜேசான்களை அழித்துவிட்டால் போச்சு. சில சமயம் படம் ஒரு ஸிப்பிலும் அதன் ஜேசான் அடுத்த ஸிப்பிலும் விழும். எனவே எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் விரித்த பிறகே இணைக்கும் மென்பொருளை ஓட்ட வேண்டும். ஆல்பத்தில் உள்ள படம் ஆண்டுக் கோப்புறையிலும் இருக்கும், ஆல்பக் கோப்புறையிலும் இருக்கும். இரண்டு மடங்காகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஞாயிறு காலை 4.30க்கு எடுத்த ஏலப் படம் அங்கே சனிக்கிழமை இரவு 11 மணி என்று நிற்கும். இதைக் கவனிக்காமல் தேதியை வைத்து அடுக்கினால் காலை 5.30க்கு முன் எடுத்த ஞாயிற்று ஏலப் படங்கள் சனிக்கிழமைக் கோப்புறைக்குப் போய்விடும்.

சேவையில் இருந்து சேவைக்கு நேராக மாற்றும் வசதியும் இப்போது உண்டு. கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர் சேர்ந்து 2018இல் தொடங்கிய தரவு மாற்றத் திட்டத்தின் விளைவு அது. ஐகிளவுடில் இருந்து கூகுள் போட்டோஸுக்கு 2021 முதலும், எதிர்த் திசையில் 2024 முதலும் மாற்றலாம். மாற்றுவது நகல்தான், பழைய இடத்தில் உள்ளது அப்படியே இருக்கும், எண்ணிக்கை சரிபார்த்த பிறகு நாம்தான் அழிக்க வேண்டும். ஆளையும் பேச்சையும் மட்டும் எந்தக் கருவியும் முழுசாகக் கொண்டுபோவதில்லை. படத்தின் கீழே மற்றவர்கள் எழுதிய கருத்துகள் உங்களுடையவை அல்ல என்பதால் பெரும்பாலும் பின்னாலேயே தங்கிவிடும்.

உரிமை யாருடையது?

படத்தை ஏற்றுவதால் காப்புரிமை கைமாறுவதில்லை. சேவை கேட்பது உரிமம்: படத்தைச் சேமிக்க, சுருக்க, காட்ட, உலகெங்கும், கட்டணமின்றி. அந்த அளவு இல்லாமல் எந்தச் சேவையும் இயங்க முடியாது. கவனிக்க வேண்டியது, நீங்கள் படத்தை அழித்தால் அந்த உரிமம் முடிகிறதா என்பது. 2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் விளம்பரப் பயன்பாடு பற்றிப் புது விதி எழுதியபோது எழுந்த எதிர்ப்பில், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. விதிகளைப் படிக்கிறவர்கள் இருந்தால் மாறும்.

கல்யாணம், காதுகுத்து என்று படமெடுத்துத் தருகிறவர்கள் வேறொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். ஸ்டுடியோ பக்கத்தில் மணமக்கள் படத்தைப் போட ஒரு வரி எழுத்து ஒப்புதல் வாங்கிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

மற்றவர்களும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது. பின்னாளில் மனம் மாறிப் படத்தை அழிக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவரின் உரிமை தொடரும். விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் திருவொற்றியூர்க் கோயில் படத்தைப் போட விரும்புகிறவர் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற வகையைத் தெரிவு செய்ய முடியாது, அங்கே அதை ஏற்பதில்லை.

நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது, நமக்குப் பின் உரிமையைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கவும் இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வரும். ஆனால் தரவை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகும் உரிமை முந்தைய 2019 மசோதாவில் இருந்தது, இந்தச் சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவில் அது 2018 முதல் சட்டப்படி உண்டு. நாம் இப்போது பயன்படுத்தும் பதிவிறக்கக் கருவிகளில் பல அந்த ஊர்ச் சட்டத்தின் நிழலில்தான் நிற்கின்றன.

வீட்டிலேயே வைப்பதென்றால்

இம்மிச் கோப்பைச் சுருக்காது, அப்படியே வைக்கும். முகம், இடம், தேதி தேடலும் உண்டு. 8 ஜிபி நினைவகம் உள்ள சிறு கணினி போதும். 15 வாட் எடுக்கும் சிறு கணினி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத மின்கணக்கில் ஏறத்தாழ 22 யூனிட். 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி என்றால் 86 யூனிட், இலவச யூனிட்டில் கணிசமான பங்கு அதற்கே போகும். வெளியில் இருந்து அணுகுவதில் சிக்கல் வரும், ஏனென்றால் பல இணைய இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பை நிறுவினால் தீரும். ரவுட்டரில் கதவைத் திறந்துவிடுவதைவிட அது பாதுகாப்பும் கூட.

படக் கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. ஆல்பங்கள், பெயரிட்ட முகங்கள் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும், அதையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். நகல் மூன்று, இரண்டு வகை ஊடகத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி. நம் பக்கம் 'வேறு இடம்' என்பதற்குக் கூடுதல் பொருள் உண்டு: அடுத்த தெரு அல்ல, அதே வெள்ளம் வராத இடம். கொடுங்கையூரில் தரைத்தளத்து மேசைக்குக் கீழே கணினியும், பக்கத்துத் தெரு மாமா வீட்டுப் பரணில்லாத அறையில் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தால் அது ஒரே நகல் மாதிரிதான். பெயர் தெரியாத மலிவுப் பென்டிரைவுகளில் எழுதியிருக்கும் கொள்ளளவு பொய்யாக இருப்பதும் உண்டு; வாங்கியதும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற கருவியால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்த பிறகே படங்களைப் போடுங்கள்.

பெரிய சேவையிலேயே இருக்கப் போகிறவர்கள் இரண்டு செட்டிங்ஸை இன்றே போட்டுவிடலாம். டேக்அவுட்டில் ஒரு தடவை என்பதற்குப் பதிலாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஓராண்டுக்கு என்று தெரிவு செய்தால் பொதி தானாகத் தயாராகி அறிவிப்பு வரும். ஆண்டு முடிந்ததும் மறுபடி போட வேண்டும். இன்னொன்று, கூகுளின் செயலற்ற கணக்கு மேலாளர். இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் அழிக்கலாம் என்பது விதி. அதற்கு முன்பே, 3 மாதத்தில் இருந்து 18 மாதத்துக்குள் நீங்கள் வைக்கும் கெடு முடிந்ததும், நீங்கள் பெயர் கொடுத்தவருக்குப் படங்களை இறக்கிக்கொள்ளும் வழி மின்னஞ்சலில் போகும். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். சேர்க்கிறவரின் கைப்பேசி எண்ணும் அதில் கேட்கப்படும், அதனால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.